ஈரத்துக்கு இரண்டு

மஸ்கெலியா நூலகத்தில் ஓர் அட்டைக்கு மூன்று புத்தகம்.
நஸ்ரியா மிஸ் எனக்கு நாலு தருவார்,
நாலாவதைத் தன் அட்டையில் எழுதிக்கொண்டு.
ஜூலையில் ஆறு படித்தேன். விடாத மழை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கொப்பியைத்
தலைகீழாய்த் திருப்பி, கடைசித் தாளிலிருந்து எழுதி வருகிறேன்:
திகதி, நூல், பக்கம், கழிவு.

கழிவு என்றால்
முன்னுரை, பதிப்புரை, வாழ்த்துரை,
கரையான் தின்றது,
நான் தூங்கிக்கொண்டே புரட்டியது.

முதல் வாரம் ஒரு கடல் நாவல், எழுநூறு பக்கம்.
காற்றில்லாமல் கப்பல் நின்ற நாற்பது நாளை
மூன்று இரவில் கடந்தேன்.
கூரைத் தகரத்தில் அத்தனை காற்று.
கடலை நான் இரண்டே தரம்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு தேனீ வளர்ப்புக் கையேடு.
"நமக்கெதுக்கு தேனீ?" என்றாள் மனைவி.
ராணி செத்தால்
பெட்டிக்குள் இரைச்சல் மாறிவிடுமாம்.
அதைப் படித்த பிறகு இரண்டு நாள்
மடுவத்தில் பெண்கள் பேசுவதை
வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேய்க்கதையைப் பாதியில் மூடினேன். பயத்தால் அல்ல.
அந்தப் பேய்
பிரட்டுக்கு வருவதுபோலச் சரியாக நேரத்துக்கு வந்தது.

சந்திரனைப் பற்றி ஒரு விஞ்ஞான நூல்.
அங்கே எல்லாம் ஆறில் ஒரு பங்குதான் நிறுக்குமாம்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து, மூன்று கிலோ.
அங்கே ஒருத்திக்கும் பேர் விழாது.
சிரித்தேன். பிறகு
சிரித்தது பிடிக்கவில்லை.

கவிதைப் புத்தகம் மெலிசு.
அதில் ஒன்றை மட்டும்
கொழுந்து லொறியில் போகையில் மூன்று தரம் படித்தேன்.
என்னவென்று கேட்காதீர்கள்.
நான் சொன்னால் அது வெறும் வாழைமரம்.

கடைசி வாரம், துப்பறியும் கதை.
நகைக்கடை முதலாளி செத்துக் கிடக்கிறார்,
ஐந்து பேர்மேல் சந்தேகம்.
சமையல்காரன் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டோடு கிழிந்திருந்தது.
பின்னட்டையின் உட்புறத்தில் பென்சில் எழுத்து:

"கடைசிப் பக்கம் இல்ல. தேவையும் இல்ல.
கணக்கப்பிள்ளதான்.
முப்பதாம் பக்கத்திலேயே புடிச்சிட்டேன்.
எப்பவும் ரெண்டு கொறச்சே எழுதுறான்."

'ற'வின் வால் அடுத்த வரிவரை இழுபட்டிருந்தது.
அந்த வாலை எனக்குத் தெரியும்.
மாதம் பத்தாம் திகதி சம்பளத் தாளில்
பெருவிரல் வைக்காமல்
பேனா கேட்டு வாங்கி ஒப்பமிடுகிறவள்,
'தேயிலைத்துறை யோகமலர்' என்று
தன் பேருக்கு முன் தானே ஒரு பட்டம் போட்டு.

மறுநாள் மழைக்குள் அவள் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் பத்தொன்பதரையில் ஆடி நின்றது.
சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு:
பதினொரு வருஷமாய் என் கை அறிந்த கழித்தல்.
கழித்தால் பதினேழரை. அரைப்பேர்.
எல்லாரும் முள்ளைப் பார்ப்பார்கள்.
அவள் என் பேனாவைப் பார்த்தாள்.

"கத முடிஞ்சிருச்சா ஐயா?"

"கடைசிப் பக்கம் இல்லியே" என்றேன்.

பதினெட்டு என்று எழுதினேன்.
முழுப்பேர்.
ஏதோ பெரிதாய்ச் செய்துவிட்ட நெஞ்சோடு நிமிர்ந்தேன்.
சாக்கை உதறிக்கொண்டே சொன்னாள்:
"இன்னும் ஒன்றரை இருக்கு."

பின்னால் வரிசை. குடையில்லாத நாற்பது பேர்.
அடுத்த சாக்குக்கு எவ்வளவு கழித்தேன் என்று
இங்கே எழுதப்போவதில்லை.

இரவு கொப்பியைத் திருப்பி
துப்பறியும் கதை, பக்கம் 212 என்று போட்டேன்.
கழிவு என்ற கட்டத்தில்
பேனா நின்று மை ஊறிவிட்டது.

முன்பக்கக் கணக்கு இந்தப் பக்கமாக வருகிறது.
பின்பக்கக் கணக்கு அந்தப் பக்கமாகப் போகிறது.
எண்ணிப் பார்த்தேன்.
நடுவில் இன்னும் பதினாலு தாள்.